வெஸ்லே மலையூருக்கு ஒரு பகல் போதுமா?

கேள்வி சுருக்கமாக இது: "ஜூன் மாதம் பாரிஸில் ஒரு வாரம் இருப்போம். நானும் கணவரும் அம்மாவும். வெஸ்லே என்ற மலையூரையும் அங்குள்ள பழைய மடாலயக் கோயிலையும் அவசியம் பார்க்கச் சொல்கிறார்கள். காலையில் போய் இரவுக்குள் பாரிஸ் திரும்பிவிடலாமா? நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை, எங்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம் வேறு."

திரும்பிவிடலாம். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஒரு இரவு அங்கேயே தங்குங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த ஊர் சுற்றுலாக்காரர்களுடையது. மாலை ஆறு மணிக்கு மேல் பேருந்துகள் எல்லாம் இறங்கிப் போன பிறகு, ஐந்நூறு பேர்கூட வசிக்காத ஒரு சின்னக் கிராமம் மிஞ்சும். ஜூனில் அங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அந்த மூன்று மணி நேரத்தையும் மறுநாள் காலை கோயில் கதவு திறக்கும் நேரத்தையும் பகல் பயணத்தில் போனவர்கள் இழந்துவிடுகிறார்கள்.

போகும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். வெஸ்லே, பர்கண்டிப் பகுதியில் யோன் மாவட்டத்தில் இருக்கிறது. பாரிஸிலிருந்து சாலை வழி சுமார் 220 கிலோமீட்டர். ஏ6 நெடுஞ்சாலையில் போய் நீத்ரி அருகே இறங்கினால் அங்கிருந்து வயல்களுக்கு நடுவே ஊர்ச்சாலைதான். ரயிலில் என்றால் பாரிஸ் பெர்சி நிலையத்திலிருந்து அவலோன் போகும் பாதையில் செர்மிஸெல் என்ற சிறிய நிலையத்தில் இறங்க வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நிலையத்திலிருந்து மலையூருக்கு இன்னும் பத்து கிலோமீட்டர். இறங்கியதும் டாக்ஸி நிற்கும் என்று நம்பிப் போகக் கூடாது. தங்கும் இடத்தில் சொல்லி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ரயில்களும் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிவரும். மூன்று பேர் என்பதால் வாடகைக் கார்தான் உங்களுக்கு வசதி என்று நினைக்கிறேன். கார் வைத்திருந்தால் நேரே மேலே போய்விடாதீர்கள். அடிவாரத்தில் உள்ள சான்-பேர் கிராமத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி மேலே பாருங்கள். நீண்ட குன்றின் முதுகில் வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்க, உச்சியில் கோயில் தனியாக நிற்பது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். நூற்றுக்கணக்கான மைல் நடந்து வந்த யாத்ரீகர்கள் கீழிருந்து முதலில் கண்டது அந்தக் காட்சியைத்தான்.

ஊர் என்பது கிட்டத்தட்ட ஒரே தெரு. கீழே சந்தைத் திடலில் தொடங்கி, வளைந்து வளைந்து ஏறி, கோயில் வாசலில் முடிகிறது. கார்களைக் கீழேயே நிறுத்திவிட வேண்டும். சாதாரணமாக நடப்பவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட ஏற்றம். உங்கள் அம்மா அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளட்டும், நடுவில் உட்காரக் கடைகள் இருக்கின்றன. மேலே போய் இறக்கிவிட வண்டிக்கு அனுமதி உண்டா என்று விடுதியில் கேளுங்கள். தெருவில் பதித்த கற்கள் மழை பெய்தால் வழுக்கும், ரப்பர் அடி வைத்த காலணி அவசியம். நடக்கும்போது தரையில் யாத்திரையின் அடையாளமான பித்தளைச் சிப்பிகள் பதித்திருப்பதைக் காண்பீர்கள். ஸ்பெயினில் உள்ள புனிதத் தலமான சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் பெரிய நடைப்பாதைகளில் ஒன்று இங்கிருந்து தொடங்குகிறது. முதுகில் மூட்டையோடு நடப்பவர்களை இன்றும் இந்தத் தெருவில் பார்க்கலாம்.

இப்படி ஒரு சின்னக் குன்றின் மேல் இவ்வளவு பெரிய கோயில் எதற்கு என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். 9-ஆம் நூற்றாண்டில் ஜிரார் என்ற பிரபுவும் அவர் மனைவி பெர்த்தும் ஒரு மடத்தை நிறுவினார்கள். அது முதலில் கீழே ஆற்றங்கரையில், இன்றைய சான்-பேரில்தான் இருந்தது. வைக்கிங்குகள் வந்து கொள்ளையடித்த பிறகு பாதுகாப்புக்காகக் குன்றின் மேல் ஏறியது. மேலே குடியேறியவர்கள் பெனடிக்ட் சபைத் துறவிகள். 11-ஆம் நூற்றாண்டில், மகதலா மரியாளின் எலும்புகள் எங்களிடம் இருக்கின்றன என்று மடம் அறிவித்தது, போப்பாண்டவரும் அதை ஏற்றார். அதோடு ஊரின் தலையெழுத்து மாறியது. ஏசு உயிர்த்தெழுந்ததை முதலில் கண்ட பெண்ணாக, பாவம் மன்னிக்கப்பட்டவளாக மக்கள் நேசித்த புனிதை அவள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பணமும் வந்தது, பணத்தோடு சண்டையும்.

ஏனென்றால் வந்த வருமானத்துக்கெல்லாம் எசமான் மடம்தான். கூட்டத்தைச் சமாளிக்க அர்த்தோ என்ற மடத்தலைவர் 1096-இல் புதிய பீடப்பகுதியைக் கட்டத் தொடங்கினார். செலவு மக்களின் தலையில் வரியாக விழுந்தது. 1106-இல் ஊரார் கிளர்ந்தெழுந்தார்கள், அர்த்தோ கொல்லப்பட்டார். 1152-இல் ஊரார் தங்களுக்கென்று ஒரு நகரசபையை அமைத்துக்கொண்டு மடத்தை மறுபடி எதிர்த்தார்கள். சில ஆண்டுகளில் அரசர் தலையிட்டு அதை அடக்கினார். தெருவில் ஏறும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழகான வீடுகளின் கீழே உள்ள கல் நிலவறைகளில்தான் யாத்ரீகர்களைத் தங்கவைத்தார்கள். ஊரும் கோயிலும் ஒன்றை ஒன்று சார்ந்தும் வெறுத்தும் வாழ்ந்தவை.

1120-இல், மகதலா மரியாளின் திருநாளுக்கு முந்தைய இரவு, யாத்ரீகர்கள் நிறைந்திருந்த பழைய கோயில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் 1,127 பேர் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. இன்று நீங்கள் பார்க்கப்போகும் நடுமண்டபம் அந்தச் சாம்பலின் மேல் அடுத்த இருபது ஆண்டுகளில் எழுப்பியது.

வாசலுக்கு வருவோம். வெளி முகப்பில் அதிக நேரம் நிற்காதீர்கள். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வெளிச் சிற்பங்கள் சிதைக்கப்பட்டன, இப்போது வாசலுக்கு மேல் தெரிவது 1856-இல் புதிதாகச் செதுக்கியது. உள்ளே நுழைந்ததும் இருளடைந்த ஒரு பெரிய முன்மண்டபம் வரும். பலர் இதை வெறும் நுழைவழி என்று எண்ணி வேகமாகக் கடந்து வெளிச்சத்தை நோக்கிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து அங்கேயே நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். எதிரே நடுக்கதவுக்கு மேலே அரைவட்டமாக ஒரு பிரமாண்டமான கற்சிற்பம் தெரியும். வெஸ்லேவுக்கு வர வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் இது ஒன்று போதும்.

1125-30 வாக்கில் செதுக்கியது. நடுவில் ஏசு அமர்ந்திருக்கிறார். உடல் முன்னோக்கி இருக்க, முழங்கால்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்கின்றன. இடுப்பிலும் முழங்காலிலும் ஆடை சுழல் சுழலாகச் சுற்றுகிறது, காற்று அடித்துக்கொண்டிருக்கும் கல் அது. விரித்த கைகளிலிருந்து கதிர்கள் கிளம்பி, அவருடைய முதன்மைச் சீடர்களான திருத்தூதர்களின் தலையைத் தொடுகின்றன. உலகத்துக்கெல்லாம் போய்ச் சொல்லுங்கள் என்று அவர்களை அனுப்பும் காட்சி. அந்த உலகம் யார் யார் என்பதைச் சிற்பி சுற்றிலும் காட்டியிருக்கிறார். நாய்த்தலை மனிதர்கள் இருக்கிறார்கள். உடலையே மூடிக்கொள்ளும் அளவுக்குப் பெரிய காதுள்ள ஒரு குடும்பம் இருக்கிறது. குதிரையில் ஏற ஏணி வைத்துக்கொள்ளும் குள்ளர்கள் கீழ்வரிசையில் வலது ஓரத்தில் இருக்கிறார்கள்.

உங்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? அந்த நாய்த்தலையர்கள் எங்கே வசிப்பதாக ஐரோப்பா நம்பியது தெரியுமா? இந்தியாவில். கிமு 5-ஆம் நூற்றாண்டில் க்டீசியஸ் என்ற கிரேக்கர், இந்திய மலைகளில் நாய்த்தலை மனிதர்கள் வாழ்வதாக எழுதிவைத்தார். சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், காதையே போர்வையாகப் போர்த்தித் தூங்குபவர்களைப் பற்றிச் சொன்னதாகப் பழைய நூல்கள் குறிக்கின்றன. அந்தக் கதைகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கைமாறிக் கைமாறி இந்தக் கல்லுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. கடல் தாண்டிய மக்களை நேரில் கண்டிராத ஒரு பர்கண்டிச் சிற்பி, அவர்கள் எவ்வளவு விசித்திரமாக இருப்பார்கள் என்று கேள்விப்பட்டாரோ அப்படியே செதுக்கினார். ஆனால் யாரையும் வெளியே தள்ளவில்லை. எல்லாரும் அந்த அரைவட்டத்துக்குள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் செய்தி போகிறது. அந்தப் பெரிய காதுக்காரர்களின் முன்னால் நிற்கும்போது நம்மைப் பற்றியும் யாரோ யோசித்திருக்கிறார் என்ற உணர்வு எனக்கு வரும்.

சிற்பத்தைச் சுற்றி வளைவில் சிறு வட்டங்களாக ராசிகளும் மாதவாரியான வேலைகளும் வரும். அறுவடை, திராட்சை பறிப்பு, பன்றி அடிப்பு என்று ஒரு குடியானவனின் முழு ஆண்டு. அம்மாவுக்கு இதைக் காட்டுங்கள், விளக்கம் தேவைப்படாது. சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் கொண்டு போங்கள்.

இப்போது நடுக்கதவைக் கடக்கலாம். இருட்டிலிருந்து ஒரே அடியில் வெளிச்சத்துக்குள் போவீர்கள். 62 மீட்டர் நீளம், 18 மீட்டர் உயரம். கூரையைத் தாங்கும் அரைவட்ட வளைவுகள் வெளிர் கல்லும் அடர் கல்லும் மாறி மாறி வைத்துக் கட்டியவை. அதன் முடிவில், அர்த்தோவின் பழைய பீடப்பகுதிக்குப் பதிலாகச் சில பத்தாண்டுகள் கழித்துக் கூர்வளைவுகளோடு கோதிக் பாணியில் கட்டிய பீடப்பகுதி இன்னும் வெண்மையாக, இன்னும் வெளிச்சமாக இருக்கும். இருள், மிதவெளிச்சம், முழுவெளிச்சம் என்று நடக்க நடக்க ஏறும் இந்த வரிசையை நினைத்தே கட்டியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீங்கள் ஜூனில் போவது பெரிய அதிர்ஷ்டம். ஆண்டின் மிக நீண்ட பகலான ஜூன் 21-ஐ ஒட்டிய நாள்களில், சூரியன் உச்சிக்கு வரும்போது தெற்கு மேல் ஜன்னல்கள் வழியாக விழும் வெயில், நடுமண்டபத் தரையின் சரியான மையக்கோட்டில் வரிசையாக ஒளிவட்டங்களாக விழும். வாசலிலிருந்து பீடம்வரை ஒளியால் ஆன ஒரு பாதை. குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகலில் அதே ஜன்னல் வெயில் தரைக்கு வராமல், வடக்கு வரிசைத் தூண்களின் மேற்பகுதியில் போய் அமரும். கட்டடத்தின் அகலம், ஜன்னலின் உயரம், அந்த ஊரில் சூரியன் ஏறும் கோணம் மூன்றும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதை 1976-இல்தான் அங்கிருந்த ஒரு பிரான்சிஸ்கன் துறவி கவனித்துச் சொன்னார். கட்டியவர்கள் கணக்குப் போட்டே செய்தார்களா என்பது பற்றி விவாதம் உண்டு. கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் போய் ஏமாறாதீர்கள். பிரான்சின் கோடைக் கடிகாரப்படி சூரியன் உச்சிக்கு வருவது மதியம் ஒன்றே முக்கால் வாக்கில். ஒன்றேகாலுக்கே உள்ளே போய் ஓரமாக உட்கார்ந்துவிடுங்கள். 21-ஆம் தேதிதான் என்று இல்லை, சில நாள் முன்பின் ஆனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேகம் மட்டும் கைகொடுக்க வேண்டும். இரண்டு மதியங்கள் கையில் இருந்தால் வாய்ப்பு கூடும், தங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூண்களின் உச்சியில் செதுக்கிய போதிகைகளைப் பார்க்கத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஏறக்குறைய நூறு இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் கழுத்து வலிதான் மிச்சம், இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, தெற்குப் பக்கத்தில் உள்ள ஆன்மீக ஆலை. ஒருவர் மேலிருந்து தானியத்தை ஆலையில் கொட்டுகிறார், இன்னொருவர் கீழே சாக்கில் மாவைப் பிடிக்கிறார். கொட்டுபவர் பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசி மோசே, பிடிப்பவர் புதிய ஏற்பாட்டின் திருத்தூதர் பவுல். பைபிளின் முதல் பாகமான பழைய ஏற்பாடு அரைபட்டு, ஏசுவின் காலத்தைச் சொல்லும் புதிய ஏற்பாடாக வருகிறது என்ற பெரிய இறையியலை, எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் புரியும்படி ஒரு மாவு மில்லாக்கியிருக்கிறார்கள். மற்றது, ஏசுவைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ். ஒரு பக்கம் நாக்குத் தள்ளத் தூக்கில் தொங்குகிறான். அடுத்த பக்கம் ஒரு மேய்ப்பன் அந்த உடலைத் தோளில் சுமந்து போகிறான். காணாமல் போன ஆட்டைச் சுமக்கும் நல்ல மேய்ப்பன் அது என்று பொருள்கொள்கிறார்கள். காட்டிக்கொடுத்தவனையும் கைவிடாத ஒரு கருணையை 12-ஆம் நூற்றாண்டில் ஒருவர் செதுக்கினார் என்றால் எனக்கு அது வியப்பாகவே இருக்கிறது.

இதைச் சொன்ன கையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லா மக்களையும் உள்ளே சேர்த்த அந்த வாசல் சிற்பம் முடிந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1146 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. அரசர் ஏழாம் லூயி முன்னிலையில், கிளேர்வோ மடத்தின் தலைவர் பெர்னார்து இதே குன்றில் இரண்டாம் சிலுவைப் போருக்கு, அதாவது கிழக்கே முஸ்லிம்களுக்கு எதிரான படையெடுப்புக்கு, அழைப்பு விடுத்தார். கூட்டம் கோயிலுக்குள் கொள்ளாது என்று வடக்குச் சரிவில் திறந்தவெளியில் பேசினார். தைத்து வைத்திருந்த துணிச் சிலுவைகள் தீர்ந்துபோய்த் தன் அங்கியையே கிழித்துக் கொடுத்தார் என்பது கதை. அந்தப் போர் 1148-இல் டமாஸ்கஸ் வாசலில் தோல்வியில் முடிந்தது. 1190-இல் இங்கிலாந்தின் ரிச்சர்டும் பிரான்சின் இரண்டாம் பிலிப்பும் மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்பட இங்கேதான் கூடினார்கள்.

சரியாக 800 ஆண்டுகள் கழித்து, 1946 ஜூலையில், இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இதே ஊருக்கு வேறொரு கூட்டம் வந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்து பதினான்கு பெரிய மரச் சிலுவைகளைத் தோளில் சுமந்து, சமாதானத்துக்காக நடந்தே வந்தார்கள். அருகில் போர்க்கைதிகளாக இருந்த ஜெர்மானியர்கள் தாங்களும் வருவதாகக் கேட்டுப் பதினைந்தாவது சிலுவையைச் சுமந்து வந்தார்கள். கோயிலுக்குள் சுவரோரம் சாய்த்து நிறுத்தியிருக்கும் அந்தக் கரடுமுரடான மரங்களைப் பலர் கவனிக்காமலே கடக்கிறார்கள். சிற்பத்தை விட்டாலும் அவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

பெர்னார்து பேசிய இடத்துக்கு, ஊரின் பின்பக்கம் சான்த்-க்ருவா வாசல் வழியாக இறங்கினால் போகலாம். அங்கே ஒரு சிலுவையும், 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் வந்து தங்கிய லா கொர்தெல் என்ற சின்னச் சிற்றாலயமும் இருக்கின்றன. இறக்கம் பத்து நிமிடம், ஆனால் ஏறி வர வேண்டும். அம்மாவைக் கோயிலுக்குப் பின்னால் உள்ள மரநிழல் திடலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் இருவரும் போய் வாருங்கள். அந்தத் திடலிலிருந்து கூர் ஆற்றுப் பள்ளத்தாக்கும் மொர்வான் மலைகளும் தெரியும், காத்திருப்பது அலுக்காது.

வெஸ்லேவின் வீழ்ச்சிக்குக் காரணமும் எலும்புதான். 1279-இல் தெற்கே ப்ரொவான்ஸில் சான்-மக்ஸிமேன் என்ற ஊரில், மரியாளின் உண்மையான உடல் எங்களிடம்தான் இருக்கிறது என்றார்கள். 1295-இல் போப்பாண்டவர் அவர்கள் பக்கம் சாய்ந்தார். யாத்ரீகர்கள் திசை மாறினார்கள். பிறகு 16-ஆம் நூற்றாண்டின் மதப்போர், அதன் பிறகு புரட்சி. 1834-இல் அரசின் வரலாற்றுச் சின்ன ஆய்வாளரான ப்ரோஸ்பேர் மெரிமே வந்தபோது, உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த அவரைச் சுற்றிக் கூரையிலிருந்து கற்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. அவர் விடாமல் போராடி நிதி வாங்கினார். 1840-இல் பொறுப்பு வியொலே-ல-துய்க் என்ற கட்டடக்கலைஞருக்குப் போனது, வயது 26. விழவிருந்த கூரையை நிமிர்த்தினார், சிதைந்த போதிகைகளுக்குப் பிரதி செய்து வைத்தார். வேலை 1859 வரை நடந்தது. அளவுக்கு மீறி மாற்றிவிட்டார் என்று அவர்மேல் குறை சொல்பவர்கள் உண்டு. அவர் இல்லையென்றால் குறை சொல்லக் கட்டடமே இருந்திருக்காது என்பது என் கட்சி. 1979-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

தெருவில் இறங்கும்போது ஒரு வீட்டின் முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். இப்போது ஸெர்வோஸ் அருங்காட்சியகம் என்ற பெயரில் நவீன ஓவியங்களை வைத்திருக்கிறார்கள். அது பிரெஞ்சு எழுத்தாளர் ரொமேன் ரோலான் வாழ்ந்த வீடு. காந்தியைப் பற்றி 1924-இலேயே நூல் எழுதி ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவர், ராமகிருஷ்ணர், விவேகானந்தர் வாழ்க்கைகளை எழுதியவர். காந்தி 1931-இல் அவரைச் சுவிட்சர்லாந்தில் போய்ச் சந்தித்தார். ரோலான் தன் கடைசி ஆண்டுகளை வெஸ்லேவில் கழித்து 1944 டிசம்பர் 30-இல் அங்கேயே இறந்தார். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் அவர் அந்த ஜன்னலிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு. பர்கண்டிச் சமையல் மாட்டிறைச்சியும் நத்தையும்தான், சைவத்துக்குக் கஷ்டம். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வைத்த சாலட் எல்லா இடத்திலும் கிடைக்கும். கூஜேர் என்ற சீஸ் பொரியுருண்டை மாதிரியான பேக்கரிப் பண்டத்தை அம்மா விரும்பக்கூடும், ஆனால் அதில் முட்டை உண்டு. இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள், சூப்பில் அது வந்துவிடும். வழியில் அவலோன் சூப்பர்மார்க்கெட்டில் பழம், ரொட்டி, தயிர் வாங்கிக்கொண்டு போவது நல்லது. மேலே கடைகள் சீக்கிரம் மூடிவிடும்.

மாலையில் கோயிலுக்கு மறுபடி போங்கள். எருசலேம் துறவுச் சமூகம் என்ற சபையின் ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் 1993 முதல் இங்கே இருக்கிறார்கள். தினமும் பல குரல்களில் இசையோடு செபம் பாடுவார்கள். நேரம் வாசல் பலகையில் இருக்கும். யார் வேண்டுமானாலும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம், கட்டணம் கிடையாது, யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் போட்டோ எடுக்காமல் இருந்தால் போதும். கல்லில் குரல் எழும்பி நிற்பதைக் கேட்ட பிறகு, இந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று நான் விளக்கத் தேவையிருக்காது.

மறுநாள் காலையில் நேரம் இருந்தால் கீழே சான்-பேரின் கோதிக் கோயிலையும், பக்கத்தில் உள்ள ஃபோந்தேன் ஸலே அகழாய்வு இடத்தையும் பார்க்கலாம். உப்பு ஊற்றுகளைப் பிடிக்க நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓக் மரத்தண்டுகளைக் குடைந்து கிணறாக இறக்கியிருக்கிறார்கள், பின்னர் ரோமானியர் காலக் குளியலிடங்களும் வந்தன. சமதளம் என்பதால் முழங்காலுக்கும் தொந்தரவு இல்லை.

அறைகள் குறைவு, ஜூன் 21-ஐ ஒட்டிய வாரம் சீக்கிரம் நிரம்பிவிடும். மேலே கிடைக்காவிட்டால் சான்-பேரிலோ அஸ்கேனிலோ பாருங்கள், இரண்டுமே காரில் சில நிமிடத் தூரம்தான். அம்மாவுக்காகத் தரைத்தள அறை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள், அந்தப் பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது.